ஒரு மணி நேர நாடா

புதுக்கொற்கையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் எல்லாரும் இடது கண்ணைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார்கள். கை கழுவுவதைப் போல அதுவும் ஒரு பழக்கம். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. கிண்ணத்தில் இருக்கும் நீலத் திரவம் லேசாக நுரைக்கும். அன்று விழித்ததிலிருந்து அந்தக் கண் பார்த்தது, கேட்டது எல்லாம் சுவருக்குள் இருக்கும் சல்லடைக்குப் போகும். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் சல்லடை அந்த நாளைச் சலித்து, அதில் எவையெல்லாம் நினைவில் வைக்கத் தக்கவையோ அவற்றை மட்டும் சில நிமிடப் படமாகத் தொகுத்துச் சுவரில் காட்டும். குடும்பம் அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும். மிச்சமெல்லாம் அழிந்துவிடாது. நகரத்துக்கு அடியில், வியாழனின் நிலவான காலிஸ்டோவின் பழம்பனியில் குடைந்து வைத்திருக்கும் ஆழ்கிடங்கில் அவரவர் பெயரில் பத்திரமாக இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு ஐந்து வயதில் பதிவுக்கண் வைப்பார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, வாயில் ஒரு கவளம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டி, அது உள்ளே இறங்குவதற்குள் மருத்துவர் வேலையை முடித்துவிடுவார். வலி கிடையாது. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களைக் 'குருட்டு வயசு' என்று சொல்வது ஊர் வழக்கு.

நப்பின்னைக்கு அந்த மாதம் முழுவதும் சல்லடை ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அவள் மகள் அல்லி. அல்லி சிரிப்பது, அல்லி பெட்டி கட்டுவது, அல்லி வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பது. பனித்துளைப் பொறியாளராகத் தேறியிருந்த அல்லியை சனியின் நிலவான டைட்டனில் அமைக்கும் புதிய குடியிருப்புக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போகிற கப்பல் திரும்பி வருவதற்கானதல்ல. அதன் உடம்பைப் பிரித்துத்தான் அங்கே வீடு கட்டப் போகிறார்கள்.

"நான் சரியா சாப்பிடுறேனா இல்லையான்னு கூட பார்க்க மாட்டேங்கிறே. அப்படி என்னம்மா யோசனை?" என்று அல்லி கேட்பாள்.

"பார்த்துக்கிட்டுத்தானேடி இருக்கேன்," என்பாள் நப்பின்னை.

உண்மையில் அவள் பகலெல்லாம் மகளைச் சரியாகப் பார்க்கவில்லை. நல்ல வெளிச்சத்தில் மகள் நிற்கிறாளா, முகம் முழுசாக விழுகிறதா, பின்னால் குப்பைக்கூடை தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தன்னால் பதியும். அதற்கு நல்ல கோணம் கொடுத்துவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நப்பின்னை பதிவுக் காப்பகத்தில் தொகுப்பாளர். அவளுடைய மேசையில்தான் அந்தக் கேசட் இருந்தது.

முதல் கப்பலில் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அளவு சொந்தப் பொருள் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். யாரோ ஒருவர் தன் கைப்பிடி அளவுக்கு ஒரு சின்ன வீடியோ நாடாக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். பெயர் இல்லை, குறிப்பு இல்லை. பனிக்கிடங்கைச் சீரமைத்தபோது ஒரு தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. பூமியிலிருந்து வந்த பழைய படங்கள் புதுக்கொற்கையில் நிறையவே இருந்தன. அருவி, அஸ்தமனம், ராக்கெட், கல்யாண முத்தம், வெற்றிக் கோப்பை. எல்லாமே யாரோ எப்போதோ சலித்து அனுப்பியவை. சலிக்காத பூமி ஒரு நிமிடம்கூட அவர்களிடம் இல்லை. இந்தக் கேசட்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்தது.

அதை ஓட்ட ஒரு கருவி வேண்டுமே. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அச்சிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நாடாக் கேமராவை நப்பின்னை மறுபடி பிறக்கவைத்தாள். நாடாவின் பேச்சு இன்றைய கணினிகளுக்குப் புரியாது. ஆனால் அந்தக் காலத்திலேயே அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கேமராவிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று கம்பிகள் போய் ஒரு சிறு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டி, ஓடுகிற படத்தை நகம் அளவு நினைவு அட்டையில் எழுதும். அட்டையை எடுத்துக் கணினியில் செருகினால் பிறகு வெட்டலாம், ஒட்டலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்த அட்டைப் பதிவானையும் அவளே செய்து முடித்திருந்தாள்.

காப்பகத் தலைவர் அருளானந்தம் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"வேகமா ஓட்டிப் படி எடுக்க முடியாதா?"

"முடியாதுங்க ஐயா. அவங்க எவ்வளவு நேரம் எடுத்தாங்களோ, நாமளும் அவ்வளவு நேரம் உட்கார்ந்துதான் ஆகணும். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா?" என்பார் அவர் ஒவ்வொரு முறையும், முதல்முறை கேட்பதுபோல. "சும்மா உட்கார்ந்தா?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாடாவின் மேல் பூசியிருந்த பழுப்புப் பூச்சில்தான் படம் இருந்தது. பனியைவிட்டு வெளியே எடுத்ததும் அது பிசுபிசுத்துப் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு முறை ஓடும். ஓட ஓடப் பூச்சு தூளாகக் கொட்டிவிடும். அதன் பிறகு வெறும் கண்ணாடித் தாள். இதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. அவர்கள் குறித்துக் கொடுத்த நாள் அல்லியின் கப்பல் கிளம்பும் நாள்.

"உங்களை விட்டா இதை ஓட்ட ஆள் இல்ல, நப்பின்னை," என்றார் அருளானந்தம். அவருக்குக் கெஞ்சத் தெரியாது. ஆனால் அன்று குரல் அப்படித்தான் இருந்தது. "நாலு தலைமுறையா இந்த ஊர்ல யாரும் பூமியை முழுசா பார்த்ததில்ல. கப்பல் சாயங்காலம்தானே? மதியமே முடிச்சுட்டு நீங்க ஓடிடலாம்."

நப்பின்னை வீட்டுக்கு வந்து மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அல்லி "நானும் வரேன். உன் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்," என்றாள்.

"வர முடியாதுடி. நாடா அறைக்குள்ள பதிவுக்கண்ணோட போகக் கூடாது. அதோட காந்தம் நாடாவைக் கெடுத்துடும். வெளியே கழட்டி வெச்சுட்டுத்தான் போகணும்."

"சரி, கழட்டி வெச்சுட்டு வரேன்."

"உனக்குப் புரியலையா? நாம சேர்ந்திருக்கப் போற கடைசி நாள்ல ஒரு மணி நேரம். அது பதிவாகாது. எங்கேயுமே இருக்காது!"

அல்லி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ உள்ளே, நான் வெளியே கண்ணோட இருந்தா மட்டும் என்ன பதிவாகும்? மூடின கதவுதானே பதிவாகும்?"

நப்பின்னை நாடா அறையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லிவிட்டாள்.

கப்பல் கிளம்பும் நாளன்று காப்பகத்தின் வாசலில் கூட்டம் நெரித்தது. நகரத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. உள்ளே போக முடியாது என்று தெரிந்தும், நாடா ஓடும்போது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமாவது நிற்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருத்தி, "எப்போம்மா எங்களுக்குக் காட்டுவீங்க?" என்று கேட்டாள். நப்பின்னை அந்தக் குழந்தையின் காலைத் தொட்டு, "இன்னைக்கு அட்டையில ஏத்திட்டா, அப்புறம் எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்," என்றாள்.

தாயும் மகளும் கண்களைக் கழற்றி வாசலிலிருந்த இரண்டு கிண்ணங்களில் போட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு ஒருவரையொருவர் பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. காந்தத்தைத் தடுக்கும் இரும்புத் தகடு போட்ட கதவு பின்னால் மூடிக்கொண்டது.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கேமராவின் பக்கவாட்டில் கதவுபோல் திறக்கும் திரை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது.

"இதைக் கவனிச்சியா?" என்று நப்பின்னை மெல்லச் சொன்னாள். "கேசட் கிடைச்சப்போ நாடா முழுக்க ஒரே பக்கம் சுத்தியிருந்தது. ஓடி முடிஞ்ச இடத்துலேயே நின்னிருந்தது, ஒருதடவை திருப்பிச் சுத்தின தடம்கூட நாடாவுல இல்ல. நான்தான் பனிப்பெட்டிக்குள்ள வெச்சுக் கையாலேயே திருப்பிச் சுத்தினேன்."

"அதனால?"

"எடுத்தவர் ஒருதடவைகூடத் திருப்பிப் பார்க்கல. அவர் வீட்டுல யாருமே பார்க்கல. நாமதான் முதல்ல பார்க்கப் போறோம்."

அல்லியின் கை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தது. நப்பின்னை பதிவானின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பிறகு கேமராவை ஓடவிட்டாள். உள்ளே சிறு சக்கரங்கள் முனகின.

முதலில் நீலம். அப்புறம் பனி கொட்டுவதுபோல் இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்: "...ஓடுதா? சிவப்பு எரியுதே. ஓடுது, ஓடுது."

ஒரு ரயில் பெட்டியின் ஜன்னல். ஜன்னலோரம் ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பலகையில் கால் எட்டாமல் ஒரு சிறுமி. கேமரா பிடித்தவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

வயல் வந்தது.

அல்லி மூச்சை இழுத்துப் பிடித்தாள். புதுக்கொற்கையிலும் பச்சை உண்டு, கண்ணாடித் தொட்டிகளில், வரிசை எண் போட்டு. இது அப்படி இல்லை. பச்சை முடியவே இல்லை. அடுத்து முடிந்துவிடும், அடுத்து முடிந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருவர் வரப்பில் குடை பிடித்து நடந்து போனார். ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அங்கே வேறு வேலை இருந்தது.

"யாரும்மா அவர்?"

"தெரியலையே."

"எங்கே போறார்?"

சலித்த படங்களில் வருகிற எல்லாரும் ஏதோ ஒன்றுக்காக வருவார்கள். இந்த மனிதர் எதற்காகவும் வரவில்லை. சும்மா இருந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து, இத்தனை கோடி மைல் தள்ளி, இரண்டு பெண்கள் அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. எதற்கென்று தெரியாமல் வெகுநேரம் நின்றது. நடைமேடையில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்தது, தன் வாலைச் சுற்றி வந்தது, மறுபடி அதே இடத்தில் படுத்தது. படம் எடுத்தவனுக்கும் வேறு எதுவும் கிடைக்கவில்லை போலும், அதையே எடுத்துக்கொண்டிருந்தான். எந்தச் சல்லடையும் இதை ஒரு நொடிகூட வைத்திருக்காது. ஆனால் அம்மாவும் மகளும் அந்த நாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. அது தானாக மூச்சு விட்டது. அதற்கு வேண்டிய காற்றை யாரும் அளந்து அனுப்பவில்லை.

"அம்மா," என்றாள் அல்லி. "மீட்டரைப் பார்க்காதே. இங்கே பாரு."

நப்பின்னை அதுவரை பாதிக் கவனத்தை, பதிவு சரியாக ஏறுகிறதா என்று காட்டும் அட்டைப் பதிவானின் முள்ளில்தான் வைத்திருந்தாள். மகள் சொன்னதும் முள்ளை விட்டுவிட்டாள்.

அப்போது கடல் வந்தது.

ரயில் ஊர்ந்து ஒரு பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். கைப்பிடிச் சுவர்கூட இல்லை. தண்ணீருக்கு மேலேயே ரயில் நடந்து போவதுபோல் இருந்தது. காலிஸ்டோவிலும் கடல் உண்டு, பல மைல் பனிக்குக் கீழே, இருட்டில். துளைக்கருவியின் எண்களில்தான் அல்லி அதை அறிவாள். இது வெளிச்சத்தில் திறந்து கிடந்தது. வெள்ளி வெள்ளியாக நெளிந்தது. காற்று அந்தப் பழைய ஒலிவாங்கியில் முட்டி முட்டிக் கரகரத்தது.

"கேமராவைக் கீழ வெச்சுட்டுக் கண்ணால பாருங்களேன்," என்றாள் ஆரஞ்சு உரித்த பெண்.

"இரு, ரெக்கார்ட் ஆகுதுல்ல? வீட்டுக்குப் போய் டிவியில போட்டு நிதானமா பார்த்துக்கலாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தின் பக்கவாட்டைக் கேமரா வெகுநேரம் காட்டியது. எடுத்தவனுக்கு அவளுக்குப் பின்னால் இருந்த கடல்தான் வேண்டியிருந்தது. அவள் நடுவில் வந்துவிட்டாள்.

நப்பின்னை திரையைவிட்டுக் கண்ணை எடுத்தாள். மெல்லத் திரும்பினாள். ஒட்டியிருந்த கன்னத்தை விலக்கி மகளின் முகத்தைப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே ஒரு மெல்லிய தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடலில் மழை வந்தது. தூரத்தில் ஒரு சாம்பல் சுவர்போல் நின்றது. பிறகு ஓடிவந்து ஜன்னலில் அறைந்தது. பெட்டிக்குள் ஒரே கூச்சல். "கேமரா நனையும்! கேமரா நனையும்!" என்று அவன் கத்தினான். படம் ஆடியது. கூரை தெரிந்தது, சிறுமியின் செருப்பு தெரிந்தது, மேலே ஒரு துண்டு விழுந்தது. திரை இருண்டது. அவன் அணைக்க மறந்துவிட்டான். நாடா ஓடிக்கொண்டேயிருந்தது.

இருட்டில் ஒலி மட்டும். ஜன்னலைச் சாத்து என்று யாரோ. சாத்தாதே என்று சிறுமி. "கையை நீட்டுப்பா! அப்பா, கையை நீட்டு!" கொஞ்சம் அமைதி. பிறகு அந்த மனிதன் சிரித்தான். வாய்விட்டு, குழந்தைபோல, நிறுத்த முடியாமல் சிரித்தான். கூடவே அந்தப் பெண்ணும். மழை பாலத்திலும் கடலிலும் தகரத்திலும் பெய்தது. விதவிதமான ஓசைகள். காலிஸ்டோவில் பிறந்த யாரும் அதைக் கேட்டதில்லை.

அந்த இருட்டுத் திரையைப் பார்த்தபடியே அல்லி சொன்னாள், "எனக்குப் பயமா இருக்கும்மா."

நப்பின்னை அவள் பக்கம் திரும்பினாள்.

"கண் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். பதிவாயிடும். தேர்வுக்குழு பார்த்தா என்னை நிறுத்திடுவாங்க. எனக்குப் போகணும்தான். ஆனா ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

"எனக்கும்தான்டி," என்றாள் நப்பின்னை. "போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். அது காலத்துக்கும் உன் பேருக்குக் கீழே நிக்குமேன்னு முழுங்கிடுவேன்."

"இப்போ சொல்லு."

"போகாதே."

அல்லி அழுதாள். சிரித்துக்கொண்டும் அழுதாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து, "போயிட்டு வரேன்னு கூட சொல்ல முடியாதேம்மா," என்றாள். திரைக்குள் மழை விடவில்லை. நாடா தன் கடைசிச் சுற்றுக்கு வந்தது. எங்கோ தூரத்தில் ரயில் ஊதியது. டக் என்று ஒரு சத்தம். மௌனம்.

கேமராவின் அடியில் பழுப்புத் தூள் ஒரு சிட்டிகை கொட்டியிருந்தது. நாடா கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

அதே நேரம் கூரையில் கப்பல்துறையின் மணி அடித்தது. வியாழனின் கதிர்ப்புயல் முன்கூட்டியே கிளம்புகிறதாம். கப்பல் உடனே புறப்பட வேண்டுமாம். நப்பின்னை பதறிப்போய் எழுந்தாள். பதிவானை நிறுத்தும் பொத்தானை அழுத்திய கையோடு அட்டையைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அதைப் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, வாசலில் காத்திருந்த அருளானந்தத்தின் கையில் அட்டையைத் திணித்தாள். அவர் அதை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்தார். கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் கூரைப் பனி உதிர்ந்தது.

தாயும் மகளும் அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஓடினார்கள். அல்லி தன் கண்ணை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். நப்பின்னை மறந்துவிட்டாள். கப்பல்துறையில் மகள் கையசைத்ததும், கதவு மூடியதும், வானத்தில் அசையாமல் தொங்கும் வியாழனுக்குக் குறுக்கே ஒரு பொறி ஏறிப் போனதும் அவளுடைய சொந்தக் கண்ணில் மட்டும்தான் விழுந்தன.

நினைவு அட்டையைக் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். பேழைக்கு விளக்குப் போட்டார்கள். அதை எப்படித் தொகுப்பது என்று முடிவு செய்ய ஒரு தொகுப்புக் குழு அமைத்தார்கள். முழுவதையும் காட்டினால் மக்கள் பொறுமை இழப்பார்கள், மூன்று நிமிடமாக வெட்டலாம் என்று ஒரு தரப்பு. மூன்று நிமிடம் அவமரியாதை, ஏழு நிமிடமாவது வேண்டும் என்று இன்னொரு தரப்பு. குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. அதற்குள் மக்கள் அமைதியாகிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, பேழைக்கு முன்னால் நின்று, இடது கண்ணை அகல விரித்து அட்டையைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அந்த அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏறிவிட்டது, பத்திரமாக இருக்கிறது, அது போதும்.

நப்பின்னை முதல் சில வாரங்கள் ஆழ்கிடங்குக்குப் போய் மகளுடைய குழந்தைப் பருவத்தைத் திறந்து பார்க்க முயன்றாள். "எந்த மணி நேரம்?" என்று கேட்டது எந்திரம். இருபது சொச்ச வருடங்களின் அத்தனை மணி நேரமும் அங்கே இருந்தது. அவளுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. இதுவரை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கேட்டாள். ஒருமுறைகூட இல்லை என்றது எந்திரம். அப்புறம் அவள் போகவில்லை.

அல்லியிடமிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்தன. குரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு பேரும் எதைப் பற்றித் தொடங்கினாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போய் நின்றார்கள். டைட்டனில் ஆரஞ்சு மேகம் என்று அல்லி தொடங்குவாள். உடனே, "அந்த அம்மா உரிச்ச பழம் மாதிரி," என்பாள். பிறகு, "பச்சைப் புடவையில நல்லா இருந்தாங்கல்ல?"

"மஞ்சள் புடவைடி," என்று நப்பின்னை பதில் அனுப்புவாள்.

"பச்சை. வயல் மாதிரியே இருந்தது."

"வயலைப் பார்த்த கண்ணோட புடவையைப் பார்த்திருக்கே. மஞ்சள்தான்."

இந்தச் சண்டை ஒரு வருடம் நடந்தது. கடைசியில் நப்பின்னை, இதை இன்றைக்குத் தீர்த்துவிடுவது என்று காப்பகத்துக்குப் போய்ப் பேழையைத் திறந்தாள். தொகுப்பாளர் என்பதால் அவளிடம் சாவி இருந்தது. அட்டையைத் தன் மேசைக் கணினியில் செருகினாள்.

ஒன்றும் இல்லை.

எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். அட்டை காலி என்றது கணினி. அவளுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தோண்டினாள். எழுதி முடித்துப் பெயரிட்டு மூடப்படாத ஒரு குவியலின் சிதறல்தான் கிடைத்தது. அதில் ஒரு பொட்டுப் படம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளக்கு நினைவுக்கு வந்தது. சிவப்பு அணைந்த பிறகே அட்டையை எடுக்க வேண்டும் என்று பழைய குறிப்பில் படித்து, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவள் அவள்.

நேரே அருளானந்தத்தின் அறைக்குப் போனாள். ஒளிக்காமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"குழுவுல ஏழு பேரு," என்றார். "ஒருத்தர் பாக்கியில்லாம அந்தப் படத்தைப் பத்தி ஒரு வருஷமா பேசறாங்க. எந்த இடத்துல வெட்டணும்னு கைகலப்பு வரைக்கும் போயிருக்கு. நான் அவங்க பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

"அவங்க?"

"நான் பார்த்திருப்பேன்னு நினைச்சிருப்பாங்க."

கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட வரிசை நின்றிருந்தது. பேழை காலியாக இருந்ததால் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அதைப் பார்த்ததும் அருளானந்தத்துக்கு ஏதோ தோன்றியது. மெல்லக் கேட்டார்:

"அட்டை இருக்கில்ல? அட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

நப்பின்னைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கிண்டல் செய்யவில்லை. நிம்மதியடைந்துகொண்டிருந்தார். "இல்லைங்க ஐயா, அட்டை நல்லாத்தான் இருக்கு," என்றாள். அதை அவரிடமே கொடுத்தாள். அவர் வெளியே போய், பிள்ளைகள் பார்க்கப் பார்க்கப் பேழைக்குள் பதமாக வைத்தார். அத்தனை இடது கண்களும் ஒரே நேரத்தில் அகல விரிந்தன.

அவள் வீட்டுக்கு வந்தாள். பதிவுக்கண்ணைக் கழற்றிக் கிண்ணத்தில் போடாமல் ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். ஜன்னலில் வியாழன் நின்றது. வயல், குடை பிடித்தவர், நாய், கடல், மழை, ஒரு மனிதனின் சிரிப்பு. அந்த ஒரு மணி நேரப் பூமி இப்போது இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று இங்கே அவள் தலைக்குள். இன்னொன்று சனிக்குப் பக்கத்தில், பனியைத் துளைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலைக்குள். இரண்டுக்கும் நடுவே வெறும் இருட்டு. அதை நினைக்கையில் அவளுக்குப் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைச் சுமக்கிறோமே என்ற மலைப்புதான் வந்தது.

செய்திப்பெட்டியைத் திறந்தாள்.

"அல்லி, அட்டையில ஒண்ணும் இல்லடி. நான்தான் அவசரத்துல பிடுங்கிட்டேன். இனிமே நீயும் நானும்தான். புடவை மஞ்சள்தான், அதுல மாத்தமில்ல. ஆனா நீ பார்த்ததை நீ சொல்லு. நாய் வரைக்கும் வந்துட்டு விட்டுடாதே. ரயில் நகர்ந்ததுலேருந்து ஒண்ணுவிடாம சொல்லு. நான் உட்கார்ந்திருக்கேன்."

பதில் வரும்வரை அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. வந்த பதிலில் படம் இல்லை, குரல் மட்டும்தான். அல்லி வயலிலிருந்து தொடங்கினாள். இடையிடையே நிறுத்தினாள், திருத்தினாள், மறந்ததைத் திரும்பிப் போய் எடுத்துவந்தாள், நாடாவில் இல்லாத எதையெதையோ சேர்த்துக்கொண்டாள். மழைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, அந்த நாடா முழுவதும் ஓடிய நேரத்தைவிட அதிக நேரம் ஆகியிருந்தது.